உங்களுக்குத் தெரியுமா? தலைச்சுற்றும் மைகிரேனாக இருக்கலாம்

வன்னி வெயிலில் தலை சுற்றினால் உடனே ‘பிரஷர்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது வெஸ்டிபுலர் மைகிரேனாகவும், அதாவது தலைச்சுற்றாக வரும் மைகிரேனாகவும் இருக்கலாம். தலையிடியே இல்லாமல்கூட வரும். 5 நிமிடம் முதல் 72 மணித்தியாலம் வரை ஆட்டிவைக்கும். இதைக் கண்டறியும் சர்வதேச வரையறையே 2012இல்தான் வந்தது.

இதற்கு அக்குபங்சர் ஊசி குத்திப் பார்க்கலாமா? களுபோவில அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவர் அன்ரன் ஜயசூரிய அந்தக் காலத்திலேயே அக்குபங்சர் சிகிச்சை நடத்தியவர். விட்டுவிட்டு வரும் சாதாரண மைகிரேனைக் குறைக்க அது உதவக்கூடும் என்கிறது, 22 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு. வெஸ்டிபுலர் வகைக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. விருப்பமென்றால் போங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஊசி புதியதா என்றும் கேளுங்கள். தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினாலோ கைகால் விறைத்தாலோ ஊசியும் வேண்டாம், வெயிற்கதையும் வேண்டாம்: நேரே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு.