சர்வரின் மூன்று எண்கள்

கிளமெண்டியை அடுத்த ஆயர் ராஜா வட்டாரத்துத் தரவு மையங்கள் போன்ற இடங்களில் பொறியாளர்களின் திரைகளில் ஓயாது மாறும் அளவீடுகளுள், சிபியு பயன்பாடு, நினைவகப் பயன்பாடு, கோரிக்கைக்கு மறுமொழி வர ஆகும் தாமதம் ஆகியவை பெயரைக் கொண்டே ஓரளவு விளங்கிவிடும். லினக்ஸ் சர்வரில் ‘அப்டைம்’ என்ற கட்டளையை இட்டால் வரியின் இறுதியில் தோன்றும் ‘லோட் ஆவரேஜ்’, அதாவது சுமைச் சராசரி, அத்தகையதன்று; அனுபவமுடையோரும் அதைத் தவறாகப் பொருள்கொள்வதுண்டு.

சிபியு பயன்பாடு, செயலி எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதை விழுக்காட்டில் கூறுகிறது; சுமையோ, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளையும் முறைக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணுகிறது. கிளமெண்டி 448ஆம் புளோக் உணவங்காடியில் நண்பகலில் ஒரு கடைக்காரர் ஓய்வின்றி உழைக்கிறார் என்பதைக் கொண்டு, அவர் முன் இருவர் நிற்கிறார்களா இருபது பேர் நிற்கிறார்களா என்று சொல்லிவிட முடியாது. நான்கு கோர்கள் உள்ள செயலியில் சுமை 4 என்றால் ஒவ்வொரு கோருக்கும் ஒரு வேலை உண்டு என்று பொருள். ஒரே கோர் உள்ள செயலியிலோ மூன்று வேலைகள் காத்துக் கிடக்கின்றன. ஆகவே, கோர் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் ‘சுமை அதிகம்’ என எழுதப்படும் அறிக்கைக்குப் பொருளில்லை.

‘அப்டைம்’ வரியின் இறுதியில் காணும் மூன்று எண்கள் 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. இத்தகைய அளவீடு புதிதன்று; டெனெக்ஸ் இயங்குதளத்தின் சுமைச் சராசரிகள் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் 1973ஆம் ஆண்டு ஆவணமொன்றிலேயே பதிவாகியுள்ளன. லினக்ஸின் இம்மூன்று எண்களும் வெறுமனே கூட்டி வகுத்த சராசரிகள் அல்ல. பழைய அளவுகளின் மதிப்பு படிப்படியாகத் தேயுமாறு கணக்கிடப்படுவதால், சும்மா இருந்த கணினியில் ஒரு வேலை இடைவிடாது ஒரு நிமிடம் ஓடிய பின்னும் முதல் எண் 1 என்றில்லாமல் ஏறத்தாழ 0.63 என்றே காட்டும்.

இதனினும் விந்தையானது 1993இல் லினக்ஸில் செய்யப்பட்ட மாற்றம். வட்டிலிருந்து தரவு வருவதற்காக, இடையில் எழுப்ப இயலாத உறக்கத்தில் இருக்கும் வேலைகளும் அதன்பின் சுமைக்கணக்கில் சேர்ந்தன. எனவே, பழுதடைந்த வட்டோ பதிலளிக்காத வலையமைப்புச் சேமிப்பகமோ வேலைகளைத் தேக்கிவிட்டால், சிபியு பெரும்பாலும் சும்மா இருக்கையில் சுமை ஐம்பதைத் தொடவும் கூடும். அந்நிலையில் கூடுதல் செயலி வாங்குவது வெறும் பணவிரயம். சுமை, காத்திருப்போரின் எண்ணிக்கையைச் சொல்லுமேயன்றி, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

கோளாறுக்கான காரணம் சில வேளைகளில் சர்வருக்கு வெளியேயும் இருக்கும். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய வங்கிகளின் சேவைகள் தடைப்பட்டபோது, மூலக்காரணம் அவை பயன்படுத்திய தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பில் நடந்த மேம்பாட்டுப் பணியின்போது குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடுமாறு தவறாகச் சென்ற சமிக்ஞையாக இருந்தது. வெப்பநிலை உயர்ந்தது; மாற்று மையங்களுக்கு மாறும் முயற்சியும் வலையமைப்பு அமைவுக் கோளாறு போன்றவற்றால் உடனே பலிக்கவில்லை. ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போயின. ஓடும் சர்வரைக் காட்டும் வண்ணத்திரைகளுக்குக் கிடைக்கும் கவனம், ஓடாது காத்திருக்கும் மாற்று அமைப்புக்கும் அதை அவ்வப்போது இயக்கிப் பார்க்கும் ஒத்திகைக்கும் கிடைப்பது அரிது என்பது இத்துறையின் பழைய குறை. முக்கிய அமைப்பு எதுவும் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் முடங்கக்கூடாது என விதித்துள்ள சிங்கப்பூர் நாணய ஆணையம், அவ்வாண்டில் தொடர்ந்து நேர்ந்த தடைகளை முன்னிட்டு, அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களை டிபிஎஸ் ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று 2023 நவம்பர் 1 அன்று ஆணையிட்டது.