"நலம்" என்னும் சொல்லுக்கு அப்பால்



கடல் கடந்து சென்றவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை நீங்கள் படித்திருப்பீர்கள். "நான் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்றே அவை தொடங்கும். மலாயாவில் முதலாவது இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. அதனையடுத்த காலத்தில் அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர். அவர்கள் அவ்வாறு எழுதினர். 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் அகதிகளாய்ப் புறப்பட்டோரும் அவ்வாறே எழுதினர். இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவோரும் அந்தச் சொல்லையே சொல்கின்றனர். "நலம்" என்னும் அச்சொல் எதனை மறைக்கின்றது? அதனைத் தாங்கிக்கொள்ளும் வழி யாது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஊர் நினைவால் வருந்துவது கோழைத்தனம் என்று எண்ணுவோர் உளர். 1688ஆம் ஆண்டிலேயே யொகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், சுவிற்சலாந்தின் பாசல் நகரில் இத்துயரைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். "திரும்புதல்", "வலி" என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதற்கு "நொஸ்டால்ஜியா" என்று பெயரிட்டார். அயல்நாடுகளில் போர்த்தொழில் புரிந்த சுவிஸ் வீரர்களையும் இந்நோய் வாட்டியதாகப் பின்னர் பலர் எழுதினர். வாளேந்திய வீரனையே வருத்திய ஒன்று, பயணப்பை ஏந்திச் செல்லும் நம் பிள்ளையை வருத்துவதில் வியப்பில்லை.

இதன் காரணத்தைத் தெளிவாகக் கூறியவர் மானிடவியலறிஞர் கலெர்வோ ஓபெர்க். 1954இல் பிரேசிலின் ரியோ டி ஜெனெய்ரோ நகரில் ஆற்றிய உரையில், இந்நிலையை அவர் "பண்பாட்டு அதிர்ச்சி" என்றார். நாம் பழகிய நூற்றுக்கணக்கான சிறு அடையாளங்கள் ஒரே நாளில் பயனற்றுப் போவதே அவ்வதிர்ச்சிக்குக் காரணம். நம் ஊரில் ஒருவர் படலையைத் திறந்து உள்ளே வந்தால், கேளாமலே தேநீர் வரும். "எங்கே போகிறீர்கள்?" என்று வழியிற் கேட்பது அன்பின் அடையாளம். வேறொரு நாட்டிலோ, முன்கூட்டி அறிவியாமல் வீடு செல்வது பிழையாகலாம். பஸ் வண்டியில் அருகில் இருப்பவரோடு பேசாதிருப்பதே மரியாதையாகலாம். அந்த மௌனத்தை வெறுப்பென்று எண்ணி நம்மவர் உள்ளம் புண்படுகின்றது. அது வெறுப்பன்று, அவர்கள் வழக்கு என்று உணர்ந்த அன்றே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இனி, துயரம் எப்பொழுது வருகின்றது? விமானத்தை விட்டு இறங்கிய அன்றே என்று நாம் எண்ணுகின்றோம். ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்னும் நோர்வே நாட்டறிஞர், புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று வந்த தம் நாட்டவர் இருநூறு பேர் வரையில் விசாரித்து, 1955இல் தம் முடிபை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியோரும், பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியோரும் நன்கு பொருந்தியிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியோரே மிகவும் இடர்ப்பட்டிருந்தனர். தொடக்கத்திற் புதுமையே துணையாகின்றது. நாட்செல்ல, உள்ளம் புன்னகையோடு அமையாது நட்பை நாடுகின்றது. நட்புக்கு வேண்டிய மொழியோ இன்னும் கைவரவில்லை. எல்லோரும் இவ்வழியே செல்வதில்லை எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். எனினும், முதல் மாதங்களில் மகிழ்ந்திருந்தவர் பின்னர் சோர்வது தோல்வியன்று என்பதை அறிந்திருத்தல் நன்று.

நோர்வேயர் அமெரிக்காவிற் பட்ட பாட்டை நம்மவர் நோர்வேயிற் பட்டனர். 1980களில் அந்நாட்டின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பிரதேசத்து மீன் தொழிற்சாலைகளிற் பல தமிழ் இளைஞர் வேலைக்கு அமர்ந்தனர். ஆங்கே நவம்பர் இறுதி தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நண்பகலிற் சிறிது நேரம் நீலநிற மங்கலொளி மட்டும் தோன்றும். நம் உடலின் உறக்கமும் விழிப்பும் பகலொளியைப் பற்றியே இயங்குவன. ஒளி குன்றினால் உறக்கம் குழம்பும், மனமும் சோரும். ஆகவே, சோர்வு முழுவதும் உள்ளத்தின் குற்றமென்று எண்ணலாகாது. மங்கலொளியுள்ள நேரத்தில் வெளியே நடப்பதும், உறங்கும் வேளையை ஒழுங்காகப் பேணுவதும் கைகண்ட உதவிகள்.

பழையதை முற்றாக மறந்துவிடு என்பார் ஒருசாரார். புதியதைத் தீண்டாதே என்பார் மறுசாரார். இரண்டும் துன்பத்தை வளர்ப்பன. ட்ரொம்சோ என்னும் வடபுல நகரில், நெடுநாள் மறைந்திருந்த சூரியன் மீள்வதை ஜனவரி 21ஆம் நாள் கொண்டாடுகின்றனர். அன்று இனிப்புப் பணிஸ் உண்பது அவர்கள் வழக்கம். நமது தைப்பொங்கலோ அதற்கு ஒரு வாரம் முன்னர் வருகின்றது. சூரியனை வரவேற்கும் இரு விழாக்கள் அருகருகே நிற்கின்றன! தன் பொங்கலை அயல்வீட்டாருக்குக் கொடுத்து, அவர் பணிஸைத் தான் வாங்கி உண்பவனுக்கு இரண்டு ஊர்கள் உண்டு. இரண்டையும் மறுப்பவனுக்கு ஓர் ஊரும் இல்லை.

சென்றவர்களுக்கு இன்னும் இரண்டொரு வார்த்தை. சோர்வு மிகுந்த மாதத்தில், திரும்பிவிடுவதென்றோ படிப்பை விடுவதென்றோ முடிவு செய்யாதீர்கள். சில வாரம் பொறுத்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். அந்நாட்டு மொழியை நாளொன்றுக்குச் சில சொற்களாகிலும் கற்றுக்கொள்ளுங்கள். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் அற்றுப்போனாலோ, உயிர் வெறுத்தாலோ, தாமதியாது மருத்துவரை நாடுங்கள். ஊருக்குத் திரும்பும் வழியே அடைபட்டு அகதியாய் நிற்பவரின் துயரம் மேலும் ஆழமானது. அதற்குப் பொறுமையும் துணையும் இன்னும் மிகுதியாக வேண்டும்.

வீட்டிலிருக்கும் பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை "நலம்" என்று சொல்வது பெரும்பாலும் உங்களைக் காப்பதற்காகவே. "எவ்வளவு அனுப்புவாய்?" என்ற கேள்விக்கு முன்னர், "இன்று என்ன சாப்பிட்டாய்? யாரோடு பேசினாய்? இராத்திரி உறங்கினாயா?" என்று கேளுங்கள். அழுதாலும் குறைவில்லை என்பதை அவன் உங்கள் குரலிலிருந்து அறியட்டும். தன் துயரைச் சொல்ல ஒரு வீடு உண்டென்று அறிந்தவன், அயலூரிலும் ஒரு வீட்டை அமைத்துக்கொள்வான். அதன் பின்னர் அவன் சொல்லும் "நலம்" மெய்யாகவே நலமாயிருக்கும்.