காலி பஸ் ஏன் தூக்கிப் போடுகிறது?

படிக்கட்டுவரை ஆள் தொங்கும் டவுன் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் ஓரளவு மெத்தென்றே போகும். அதே பஸ் இரவு கடைசி டிரிப்பில் ஐந்தாறு பேரோடு திரும்பும்போது, அதே சாலையில் ஆளைச் சீட்டிலிருந்து கிளப்பிவிடும்.

ஸ்பிரிங் மாறவில்லை, மேலே இருக்கும் எடைதான் குறைந்தது. முழுச் சுமையையும் தாங்குவதற்காக அடுக்கிய எஃகுப் பட்டைகள் அவை. எடை குறைந்தால் வேகமாகத் துள்ளும்.

எவ்வளவு தூக்குகிறது என்பதோடு, நொடிக்கு எத்தனை முறை என்பதையும் உடம்பு கணக்கு வைக்கிறது. நடக்கும்போது நொடிக்குச் சுமார் 2 முறை நாமே ஏறி இறங்குகிறோம், அது உறுத்துவதில்லை. 4 முதல் 8 முறை என்றானால் வயிறும் நெஞ்சும் கூடவே ஆடத் தொடங்குகின்றன. ஊஞ்சலை அதன் தாளம் பார்த்துத் தள்ளுவதுபோலத்தான், சின்னத் தள்ளலே போதும். அதற்காக ஒரேயடியாக மெதுவாக்கவும் முடியாது. நொடிக்கு அரை முறைக்கும் குறைவான அசைவு குடலைப் புரட்டும். கப்பலில் நடப்பது அதுதான். உடல் தாங்கும் அதிர்வை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 2631 விதிமுறையில் குமட்டலுக்கென்றே தனிக் கணக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே, நொடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும்படிதான் கார்களின் உடலைப் பெரும்பாலும் அமைக்கிறார்கள்.

மெத்தென்ற ஓட்டத்துக்காகத் துணிந்து இறங்கியது பிரான்சின் சிட்ரோன் 2சிவி கார். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது 1930களில் கம்பெனி நிர்வாகி பியர் பூலான்ஜே போட்ட நிபந்தனையாம். போர் குறுக்கிட, 1948இல்தான் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங் உருளை ஒன்று இணைத்தது. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த விசையில் ஒரு பங்கு பின்னுக்கும் போகும்; மூக்கு மட்டும் தனியாக நிமிராது. முட்டை பிழைத்தது. ஆனால் வளைவில் திரும்பும்போது பார்க்கிறவருக்குக் குலை நடுங்கும், அவ்வளவு சாய்வு!

சொகுசு பஸ்களில் எஃகுப் பட்டைக்குப் பதில் ரப்பர் பையில் அடைத்த காற்று. ஆள் ஏற ஏற வால்வு காற்றைக் கூட்டும், இறங்கினால் வெளியே விடும். எடையும் விறைப்பும் சேர்ந்தே மாறுவதால், 5 பேரானாலும் 50 பேரானாலும் துள்ளலின் தாளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைசி சீட்டுக்காரருக்கு மட்டும் பாதி நிம்மதி. அவர் உட்கார்ந்திருப்பது பின் அச்சுக்கும் பின்னால் நீண்ட பகுதியில். வேகத்தடையில் பின்சக்கரம் ஒரு சாண் ஏறினால் அவர் சாணுக்கு மேலேயே ஏறுவார்.