காளான் அறைக்கு உகந்த குளிர்ச்சி

கோவிலம்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில், வீட்டின் சிற்றறையொன்றை அடைத்துக் காளான் வளர்க்க விரும்புவோர், குளிர்சாதனம் வாங்குமுன் எந்தக் காளான் என்பதை நிச்சயித்துக்கொள்வதே பிரதானம். சிப்பிக் காளானுக்குச் சுமார் 25 டிகிரி உஷ்ணம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்னும் பால் காளானோ 30 டிகிரிக்கு மேலும் செழிக்கும்.

நீரை ஆவியாக்கியே காற்றைக் குளிர்விக்கும் ஏர்கூலர், சமுத்திரக் காற்றின் ஈரம் மிகுந்த இப்பிரதேசத்தில், அதுவும் அடைத்த அறையில், விரைவிலேயே பயனற்றதாகிவிடும். ஏ.சி.யோ, உஷ்ணத்தோடு ஈரத்தையும் வெளியேற்றிக் குழாய்வழியே சொட்டச் செய்வதால், இளமொட்டுகள் மஞ்சளித்துக் காய்ந்துபோகும். ஆகையால் 80 முதல் 90 சதவீத ஈரப்பதத்தைக் காக்கப் பனித்தூவலும், கரியமிலவாயு தேங்காதிருக்கச் சிறு எக்ஸாஸ்ட் விசிறியும் அவசியம்.

மின்கட்டணத்துக்கு அஞ்சுவோர், ஈரச்சாக்கும் காற்றோட்டமும் கொண்டே பெரும்பாலும் விளையும் பால் காளானைத் தெரிந்தெடுப்பதே உத்தமம்.