வேலை முடிந்த பின் எஞ்சும் கோப்புகள்

நம்மில் பலர் ஆய்வுக் கணக்குகளைப் பொதுக் கணினித் தொகுதிக்கு அனுப்பிவிட்டு, விடை எப்பொழுது வருமென்று வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பவர்கள். வந்த வேலைகளை வரிசையில் நிறுத்தி, இடம் ஒழிந்ததும் ஒவ்வொன்றாக ஓடவிடும் மென்பொருள் ஒன்று அங்கே உண்டு. 'ஸ்லர்ம்' என்பது அவற்றுள் பெயர் பெற்றது. அது வேலையை ஓட்டும், சரி. வேலை விட்டுச்சென்ற கோப்புகளை என்ன செய்யும்? தானாக ஒன்றும் செய்யாது!

வடாலாவில் குடியிருக்கும் எனக்கு இங்குள்ள லாரி முனையந்தான் உடனே நினைவுக்கு வருகிறது. சரக்கை இறக்கிவிட்டு லாரி போய்விடும். கயிறும் வைக்கோலும் உடைந்த பெட்டியும் தரையிலே கிடக்கும். அவ்வாறே ஒவ்வொரு வேலையும் தன் எண்ணைத் தாங்கிய வெளியீட்டுக் கோப்பையும், இடைக்காலக் கோப்புகள் பலவற்றையும் விட்டுச்செல்கிறது. இவை சிறியவைதாமே என்று எண்ணற்க. வட்டில் இடம் மிச்சமிருந்தும், கோப்புகளின் எண்ணிக்கைக்குரிய வரம்பு நிரம்பிவிட்டால் புதிய கோப்பு ஒன்றுகூடப் பிறக்காது. ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய வாரத்தில் இது நேர்ந்தால் மாணவன் கதி என்னாவது?

"வேலையின் கடைசி வரியில் 'அழித்துவிடு' என்று எழுதியிருக்கிறேனே, போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை கடைசி வரியை எட்டினாலன்றோ அந்த வரி ஓடும்! குறித்த நேரம் கடந்துவிட்டால் ஸ்லர்ம் முதலில் நிறுத்தச் சைகை அனுப்பும். வழக்கமான அமைப்பில் 30 விநாடி பொறுத்து, எந்த நிரலாலும் தடுக்கவியலாத கொலைச் சைகையை அனுப்பும். இப்படி நடுவழியில் மாண்ட வேலைகளே மிகுதியான குப்பையை விடுகின்றன. ஆகவே, வேலை எவ்வாறு முடிந்தாலும் அதன்பின் ஓடும் 'எபிலாக்' என்னும் நிரலில் துப்புரவை வைப்பதே மேல் என்பது என் கருத்து. அதை அமைக்கவேண்டியவர் நிர்வாகி. நாம் கேட்டுப் பெறலாம்.

இனி, பழையது எது? இங்கேதான் சிக்கல். ஒரு கோப்புக்குத் திருத்திய நேரம், படித்த நேரம் என்று வெவ்வேறு நேரங்கள் உண்டு. திருத்திய நேரத்தை மட்டும் பார்த்து 30 நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும் நிரல் ஒன்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு முன் எடுத்த அளவீடுகளை, பழைய நேரம் மாறாதபடி நேற்றுத்தான் நீங்கள் நகலெடுத்து வைத்தீர்கள். அந்த நிரலின் கண்ணுக்கு அவை மூன்றாண்டுக் குப்பை! இன்றிரவே போய்விடும். இவ்வாறு தரவை இழந்து கலங்கிய நண்பர் ஒருவரை நான் அறிவேன்.

இதனினும் பெரிய இழப்பு ஜப்பானில் நேர்ந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஏறத்தாழ 77 டெராபைட் தரவு, சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் நான்கின் கோப்புகளைக் காப்பு நகலிலிருந்தும் மீட்க இயலவில்லை. காரணம் என்ன? 10 நாளுக்கு மேற்பட்ட பதிவேட்டுக் கோப்புகளை அழிக்கும் வரி ஒன்று காப்பு நிரலில் இருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் திருத்திய வடிவத்தை அதன்மேல் எழுதிவிட்டார்கள். 'பாஷ்' என்னும் கட்டளை மொழி தன் நிரலை முழுதும் படித்துவிட்டு ஓடுவதில்லை. ஓட ஓடப் படிக்கிறது. பாதியில் புதிய வடிவம் புகவே, எந்த அடைவில் அழிப்பது என்று சொல்லும் மாறி வெறுமையாயிற்று. பதிவேடுகளைத் தேடவேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் அடைவிலே புகுந்து அழித்தது. நிரலை வழங்கிய நிறுவனம் பொறுப்பை முழுதும் ஏற்றுக்கொண்டது. ஏற்றென்ன, போன கோப்புகள் வந்தனவா?

இப்படிப்பட்ட நிரலை எழுதுவோர் செய்யத்தக்கவை சில. மதிப்பு வரையறுக்கப்படாத மாறியைக் கண்டவுடனே நின்றுவிடும்படி, நிரலின் தலையில் 'செட் -யு' என்று இடுதல் வேண்டும். திருத்திய வடிவத்தைத் தனியே எழுதி, பிறகு பெயர் மாற்றி வைக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிரதி பழையதையே படித்து முடிக்கும். முதல் வாரம் எதையும் அழிக்காமல் பட்டியல் மட்டும் எடுத்து, அதை மாணவர்கள் கண்ணில் காட்டுதல் நன்று. ஓடுகின்ற வேலைகளின் அடைவுகளை விலக்கிவிடவேண்டும். அப்படி விலக்காமல் அழித்தாலும், ஒரு வேலை திறந்து வைத்திருக்கும் கோப்பு அது மூடும்வரை வட்டில் இடத்தை விடாது. இடமும் கிடைக்காது, கோப்பும் பட்டியலில் இராது.

நம் பங்குக்கு ஒன்று: 'ஸ்கிராட்ச்' எனப்படும் வேலை வட்டுக்குப் பெரும்பாலான கூடங்களில் காப்பு நகல் எடுப்பதில்லை. வேலை முடிந்த அன்றே முடிவுக் கோப்புகளை வீட்டு அடைவுக்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் துடையுங்கள்.