தெருவில் இறங்கினால் – 7: பௌர்ணமிக்கு மறுநாள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை முழுக்க நடப்பவர்களின் ஊர். பேருந்துகளையும் கார்களையும் ஊர் எல்லையிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறார்கள். லட்சக்கணக்கான பேர் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கியவர், ஊன்றுகோல் வைத்திருக்கும் பாட்டி, கைகோத்து வரும் கல்லூரிப் பெண்கள் என்று யாரும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடுச்சாலையில் நடக்கிறார்கள். மறுநாள் தடுப்புகளை எடுத்தாகிவிடும். அதற்குப் பிறகு அடுத்த பௌர்ணமி வரை, அதே ஊர்ப் பாட்டி மருந்துக்கடைக்குப் போய்வருவதற்கு ஒவ்வொரு ஹாரனுக்கும் சாக்கடை ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

சென்ற வாரம் மதுரையின் சித்திரை வீதிகளைப் பார்த்தோம். மீனாட்சி கோயிலைச் சுற்றி வண்டிகள் நுழையாத நான்கு வீதிகள் அவை. திருவண்ணாமலையின் நிலைமை வேறு. இந்த ஊருக்கு நடப்பவர்களை வரவேற்கத் தெரியும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தெரியும், வண்டியை நிறுத்தவும் தெரியும். ஆனால் அந்தத் திறமையை மாதத்துக்கு ஓர் இரவுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் மட்டும் எடுத்து வைத்திருக்கிறது. மற்ற நாள்களுக்கு அது வெளியே வரவேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

கிரிவலப் பாதைக்குச் செலவு செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நடைபாதைக் கற்கள், விளக்குகள், குடிநீர், கழிப்பறை என்று படிப்படியாக வசதிகள் வந்திருக்கின்றன. 2015–16-ல் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது ஊர்மக்கள் எதிர்த்தார்கள், பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. நடப்பவனுக்கு அகலத்தைவிட நிழல்தான் பெரிது என்பதை அந்தப் போராட்டம் அதிகாரிகளுக்குச் சொல்லியது. இத்தனையும் மலையைச் சுற்றி நடந்தவை. கோயிலைச் சுற்றி இருக்கிற பழைய ஊருக்கு இந்தக் கவனம் கிடைக்கவில்லை.

பழைய ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். சுமார் 25 ஏக்கரில் கோயில். திசைக்கு ஒரு கோபுரம். கிழக்கே 217 அடி ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேகோபுரம். வடக்கே அம்மணியம்மன் கோபுரம். அம்மணியம்மாள் என்ற ஒரு பெண் துறவி வீடுவீடாகப் போய்ப் பொருள் திரட்டிக் கட்டி முடித்தது என்பது ஊர் வழக்கு. நான்கு கோபுரத்துக்கும் வெளியே தேர் ஓடும் மாட வீதிகள். அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில் மடங்கள், சத்திரங்கள், திண்ணை வீடுகள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களில் மிகப்பெரும்பாலோர் இதில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆட்டோ ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது, தரிசனம் முடிந்ததும் அங்கிருந்தே ஏற்றிக்கொண்டு போகிறது. தேரடி வீதி பிதுங்குகிறது. பேகோபுரத் தெருவுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குகூடப் போவதில்லை. பித்தளை விளக்குக் கடை கிழக்கே இருந்தால் வியாபாரம், மேற்கே இருந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாடகையும் அப்படியே ஏறி இறங்குகிறது. கிழக்கே இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் கடை போடுகிறார்கள், நடைபாதையில் இடமில்லாதவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். மேற்கிலும் வடக்கிலும் பழைய வீடுகள் பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிந்து, தங்கும் விடுதியாகின்றன. நான்கு கோபுரங்களையும் இணைத்து ஒரு சுற்று நிம்மதியாக நடக்க முடிந்தால் கூட்டம் தானாகவே பரவும். பழைய ஊருக்கு உயிர் வர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ரயிலில் வந்து இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து கோயில் ஒன்றரை கிலோமீட்டர் போல, நடக்கக்கூடிய தூரம்தான். வெளியே வந்ததும் ராஜகோபுரத்தின் தலை தெரிகிறது, அதைப் பார்த்தபடியே நடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பார்வை கோபுரத்தில் இருந்தால் கால் பள்ளத்தில் இருக்கும். கால்வாய் மேல் போட்ட சிமென்ட் பலகைதான் நடைபாதை. அதில் ஒன்று ஆடும், அடுத்தது உடைந்திருக்கும். பிறகு ஒரு மின்மாற்றி. அதைச் சுற்றிச் சாலைக்கு இறங்க வேண்டும். ஏறினால் ஒரு கடையின் சாய்தளம், அதன்மேல் வரிசையாகப் பைக்குகள். மறுபடி இறங்க வேண்டும். தள்ளுவண்டிப் பெட்டியும் முழங்கால் வலியும் இருக்கிறவர் இருநூறு மீட்டருக்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிமுறை சொல்கிறது. அந்த அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இந்த வழியில் நடந்தால் எத்தனை இடத்தில் தேறும் என்பதை மாநகராட்சிப் பொறியாளர்களே பார்க்கட்டும்.

வேறெந்த நகரத்தின் நெறிமுறைப் புத்தகத்திலும் இல்லாத ஒரு விஷயமும் இங்கே உண்டு. இங்கே நடப்பவர்களில் பெரும்பகுதியினர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். செருப்புக் காலுக்கு உறைக்காத சின்ன ஜல்லி வெறுங்காலில் குத்தும். முனை உடைந்த ஓடு விரலைக் கிழிக்கும். கால்வாயின் இரும்புச் சட்டம் சித்திரை வெயிலில் கொதிக்கும். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகும் விடாது. ஆகவே இந்த ஊரின் நடைபாதையை வடிவமைக்கிறவர் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மே மாத மதியம் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மரம் எங்கே, பந்தல் எங்கே, குழாய்த் தண்ணீர் எங்கே என்ற கேள்விகளெல்லாம் அந்த இரண்டு நிமிடத்திலேயே எழுந்துவிடும்.

தேர் ஓடும் மாட வீதிகளைக் கான்கிரீட் சாலையாக்கும் வேலை 2023-ல் தொடங்கிப் பகுதி பகுதியாக நடந்தது. குண்டும் குழியும் போனது நல்லது, தேருக்கும் நல்லது. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்த வீதிகளைச் சுற்றுகின்றன. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறார்கள், சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்கள் இழுக்கிறார்கள். பெரிய தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆள்களுக்குத் தெருவின் ஒவ்வொரு சரிவும் அத்துப்படி. மாட வீதியை நடைவீதியாக்க நினைப்பவர்கள் அவர்களைக் கேட்டுத்தான் எதையும் வைக்க வேண்டும். நடுவில் நிரந்தரத் தடுப்பு கூடாது, பூந்தொட்டி கூடாது. வண்டியைத் தடுக்கும் கம்பங்கள் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். தெருவும் நடைபாதையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், தண்ணீர் வடியும் சரிவோடு இருந்தால் தேருக்கும் சௌகரியம், சக்கர நாற்காலிக்கும் சௌகரியம்.

மட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போவதால் தமிழ்நாடு முழுக்க வீட்டு வாசல்கள் தெருவைவிடத் தாழ்ந்துபோய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு எழுத்துமூலம் அறிவுறுத்தினார். திண்ணை வைத்துக் கட்டிய வீடு தெருவுக்குக் கீழே போய்விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும், உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் பழக்கமும் போய்விடும். தெருவைப் பார்த்துக்கொண்டு ஆள்கள் உட்கார்ந்திருக்கும் வீதியில்தான் இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போவாள்.

வண்டியை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கடைக்காரர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகையும் வட்டியும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. ஆனால் தேரடி வீதியில் பொருள் வாங்குகிறவர் யார் என்று பார்த்தால், காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போகிறவர் அல்ல. நின்று, கையில் எடுத்துப் பார்த்து, விலை கேட்கிறவர்தான். சென்னை பாண்டி பஜார் 2019 நவம்பரில் நடைவளாகமானது. இன்று மாலை வேளையில் அங்கே நிற்க இடமில்லை. அமிர்தசரஸில் நகர மண்டபத்திலிருந்து பொற்கோயில் வரையிலான வழி 2016-ல் நடைவீதியானது. கோயிலுக்குப் போகும் வழியும் கடைவீதியும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. டில்லியின் சாந்தினி சௌக்கில் செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டருக்கு, 2021 முதல் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிக்குத் தடை. அங்கிருந்து கற்க வேண்டிய பாடமும் உண்டு: தடை காகிதத்தில் இருந்தால் போதாது, வாயிலில் ஆள் நிற்க வேண்டும். ஆள் அசந்த நேரமெல்லாம் அங்கே வண்டிகள் திரும்ப நுழைந்தன.

ஊரை மேம்படுத்துவது என்றால் கட்டடம் எழுப்புவது என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2023-ல் ராஜகோபுரத்துக்கு எதிரே கடை வளாகம் கட்டப் பார்த்தார்கள். கோபுரம் மறைந்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அரசு திட்டத்தைக் கைவிட்டது. நல்ல முடிவு. அந்த வெட்டவெளிதான் நடந்து வருகிறவர் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்க்கக் கிடைத்திருக்கிற இடம்.

நடைபாதை என்றதும் தரைக்கடைகளை அடித்து விரட்டும் வழக்கமும் மாற வேண்டும். பூக்காரம்மாவும் கோலமாவு விற்பவரும் நடப்பவருக்கு இடைஞ்சல் அல்ல. நடப்பவர் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பே கிடையாது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவைக் கூட்டி, கோடு போட்டு, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்தால் மேற்கு, வடக்கு வீதிகளுக்கும் அவர்கள் மனமுவந்து போவார்கள். ஆட்டோக்காரர்களுக்கு வீதி முனைகளில் நிழலுள்ள நிறுத்தம், நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி, அங்கே குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு, சரக்கு இறக்க விடியற்கால நேரம்: இவையெல்லாம் செய்ய முடியாத வேலைகள் அல்ல. தீபத்தன்று ஒன்பது சாலைகளிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது சின்ன வேலை.

எனக்கு மிகவும் பிடித்த வழியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ரமணாசிரமத்தின் பின்வாசலில் தொடங்கிக் கல் பாவிய ஒரு மலைப்பாதை ஸ்கந்தாசிரமம் போகிறது. ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், அதன்பின் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். அந்தப் பாதையில் ஒரு வளைவு திரும்பும்போது கோயில் முழுவதும் காலடியில் விரிகிறது. நான்கு கோபுரங்கள், பிரகாரங்கள், குளங்கள், சுற்றிலும் வீதிகள். பழைய ஊரின் வரைபடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அங்கிருந்து விரூபாட்ச குகை வழியாக இறங்கினால் பேகோபுரத்துப் பக்கம் ஊருக்குள் வந்துவிடலாம். செங்கம் சாலையின் புகையும் இரைச்சலும் இல்லாமல் ஆசிரமத்தையும் கோயிலையும் இணைக்கும் வழி இது. ஆனால் கீழே இறங்கியதும் வழி குறுகிய சந்துகளில் தொலைந்துவிடுகிறது. ஒரு வழிகாட்டிப் பலகை, சரியான படிகள், இரண்டு விளக்குகள் வைத்தால் மேற்கு வீதிக்குத் தினமும் ஆள் நடமாட்டம் வரும். அங்கே எதைச் செய்தாலும் மழைநீர் ஓடைகளை அடைக்காமல் செய்ய வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஏழு பேரின் உயிரைக் கொண்டுபோனதை இந்த ஊர் மறந்துவிடக் கூடாது.

மாட்டுப் பொங்கல் மாலையில் திருவூடல் தெருவுக்குப் போனால் நான் சொல்வது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். சுவாமியும் அம்மனும் எதிரும் புதிருமாக வந்து ஊடல் கொள்கிறார்கள். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட, சுவாமி தனியே குமரக் கோயிலுக்குப் போகிறார். தெரு முழுக்க ஜனங்கள். மாடியில், வாசலில், கடைப்படியில் ஆள்கள். ஒரு வண்டி கிடையாது. அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் நடைபாதையே தேவைப்படுவதில்லை.

நடைபாதையில் நடப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முதலிடம் தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 1886-ல் நகராட்சியாகத் தொடங்கிய திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. அதே போன்றொரு தீர்மானத்தை அதன் மன்றமும் நிறைவேற்றலாம். திருவண்ணாமலை வாசகர்கள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். அவரையும் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து தேரடி வரை, அங்கிருந்து நான்கு கோபுரங்களையும் சுற்றி, பௌர்ணமி இல்லாத ஒரு வேலை நாளில் நடந்துபோங்கள். கால் தடுக்கிய இடங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆணையரிடம் மனுவாகக் கொடுங்கள். ஒரு நகலை நமக்கும் அனுப்பிவையுங்கள்.

(அடுத்த வாரம்: ஸ்ரீரங்கம்)