மகாசபை கூடும் இடம்

ஆண்டு மகாசபைக்குத் தேதி குறித்தவுடன், எங்கே கூடுவது என்ற கேள்வி எழுகிறது. பல சங்கங்களில் இதனைக் காரியதரிசியின் சௌகரியத்திற்கே விட்டுவிடுகின்றனர். அங்கத்தினர் வாய் திறந்து பேசுவதும் பேசாதிருப்பதும் பெரிதும் இடத்தைப் பொறுத்தது என்பது நமது கருத்து.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர் சங்கங்கள் பல மதுக்கடை அறைகளிலேயே கூடின. அறைக்கெனத் தனியே வாடகை கேட்பதில்லை. வந்தவர்கள் குடித்தாக வேண்டும், அதுவே வாடகை. 1844இல் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலானோர் கூட்டுறவுச் சங்கம் கண்டபோது, மது விற்காத விடுதி ஒன்றைத் திறப்பதையும் தம் நோக்கங்களுள் எழுதி வைத்தனர்.

நம் ஊர்களில் இலவச இடம் வேறு உருவில் வருகிறது. சங்கத்திற்கு நூலோ உரமோ விற்கும் வியாபாரி தம் வீட்டுக் கூடத்தை அளிப்பார், காப்பியும் அளிப்பார். அந்தக் கூடத்தில் அமர்ந்துகொண்டு, நூலை இந்த விலைக்கு ஏன் வாங்கினோம் என்று எந்த அங்கத்தினர் எழுந்து கேட்பார்?

கோயில் மண்டபம் விசாலமானதுதான்; எனினும் வேற்று மதத்து அங்கத்தினர் அங்கு வரத் தயங்கக்கூடும். ஒரு சாதியார் மட்டும் புழங்கும் சாவடியும் வேண்டாம். பங்குத்தொகை செலுத்தியவர் வாசலில் நின்று கேட்கும் இடம் மகாசபைக்கு ஆகாது.

பள்ளிக்கூடம் பொதுவிடம், அனுமதி பெற்று விடுமுறை நாளில் கூடலாம். சிறுவர் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு ஜமக்காளம் விரிப்பது நன்று. (நெசவாளர் சங்கத்தில் ஜமக்காளத்திற்கா பஞ்சம்?) கல்யாண மண்டபங்கள் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் காலியாக இருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் ஆடியில் விவசாயிகளுக்கு விதைப்பு வேலை இருக்கும் என்பதை மறக்கலாகாது.

இடம் பார்க்கச் செல்வோர் கூட்டம் நடக்கவிருக்கும் அதே நேரத்தில் செல்வாராக. காலையில் குளிர்ந்திருக்கும் தகரக் கொட்டகை பிற்பகலில் உலையாகிவிடும். ஒருவர் முன்னே நின்று வரவு செலவை வாசிக்க, மற்றொருவர் மின்விசிறிகளைச் சுழலவிட்டுக் கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும். கழிப்பிட வசதியைப் பெண் அங்கத்தினர் ஒருவரே பார்த்துச் சொல்வது நலம். கடைசிப் பஸ் எப்பொழுது என்றும் விசாரிக்க வேண்டும்; வெளியூரார் பஸ்ஸுக்குப் புறப்பட்ட பிறகு கணக்கை வாசிக்கும் வழக்கத்தை நாம் சில இடங்களில் கண்டதுண்டு.

வாடகையை நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் எழுதி, ரசீது பெற்றுக்கொள்க. அழைப்பில் தெருப் பெயரும் இறங்கவேண்டிய பஸ் நிறுத்தமும் இருக்கட்டும். அழைப்பு அனுப்பியபின் இடத்தை மாற்ற நேர்ந்தால், எல்லோருக்கும் மறுபடி அறிவித்து, கூட்டத்தன்று பழைய இடத்தின் வாசலிலும் ஒருவரை நிறுத்தி வைக்கவேண்டும்.